செத்தவர் போட்ட சட்டம்

மழை பிடித்துக்கொண்டால் சட்டக்காரருக்கு வேலை குறையும், வாய் அதிகமாகும். ஈரக் காற்றில் காகிதம் ஊதும். ஊதின காகிதத்தைக் கண்ணாடிக்குள் வைத்து அடைத்தால் உள்ளேயே பூஞ்சை பூத்து, பழுப்புப் புள்ளி விழுந்துவிடும். அதனால் மழை வாரங்களில் மரத்தை மட்டும் அறுத்து, மூலைகளைச் சேர்த்து அடுக்கி வைத்துவிட்டு, மிச்ச நேரம் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார். கேட்பதற்கு ஆளும் இருந்தது. கடை வாசலில் ஒரு மேசை போட்டுப் பூட்டுக்குச் சாவி அராவிக்கொடுக்கிற சாவிக்காரர்தான் அந்த ஆள். அரம் உரசுகிற சத்தத்தில் பாதி அவர் காதில் விழாது. ஆனாலும் "அப்படியா அண்ணே" என்று சரியான இடத்தில் போட்டுவிடுவார்.

கடைப் பலகையில் 'படங்களுக்குச் சட்டம் போட்டுத் தரப்படும்' என்று எழுதியிருந்தது. அதை மட்டும் நம்பி யாரோ ஒருத்தர் சொத்துத் தகராறோடு உள்ளே வந்து உட்கார்ந்த நாளிலிருந்து அவருக்குச் சட்டக்காரர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. சொந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு யாரும் அந்தக் கடைக்கு வந்ததில்லை. "கடையில மரச் சட்டம், வீட்டுல வாய்ச் சட்டம்" என்பாள் அவர் மனைவி. அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

கடைக்குப் படங்களைவிடச் சான்றிதழ்கள்தான் அதிகம் வரும். ஒவ்வொன்றையும் வாங்கும்போதே வாசித்துவிடுவார். என்ன படிப்பு, எந்த வகுப்பில் தேறினான், எத்தனை வருஷம் இழுத்தடித்தான் என்று ஆள் போனதும் ஒரு கச்சேரி நடக்கும். அதில் எல்லாவற்றுக்கும் மேலான உருப்படி, முன்பல் இரண்டும் இல்லாத ஒரு பெரியவர் சட்டப் படிப்பு முடித்துப் பட்டயத்தோடு வந்த கதை. "நான் கேட்டேன், ஐயா, இதைச் சுவத்துல மாட்டவா, சுடுகாட்டுக்குக் கூடவே எடுத்துட்டுப் போகவான்னு." உண்மையில் அவர் அப்படிக் கேட்கவில்லை. பெரியவர் படியிறங்கிப் போன பிறகு சாவிக்காரரிடம் சொன்னதுதான். சொல்லச் சொல்ல அது நேரில் கேட்டதாகவே ஆகிவிட்டது. வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் எத்தனையோ முறை அதைச் சொல்லியிருக்கிறார். பெரியவரின் ஓட்டைப் பல் வழியாக 'வழக்கு' என்ற சொல் எப்படி வெளியே வரும் என்று நடித்துக் காட்டுவார். மனைவி சிரிப்பாள். "அப்புறம் அவர் என்ன சொன்னார்?" என்று கூடக் கேட்பாள்.

அந்த மழை வாரத்தில்தான் பாலத்துக்கு அப்பால் இருக்கிற பயிற்சிப் பள்ளியிலிருந்து நிர்வாகி அம்மாள் வந்தார். இரத்தம், சிறுநீர் சோதித்துப் பார்க்கிற ஆய்வுக்கூட வேலைக்கு ஆள் தயார்செய்யும் பள்ளி அது. நெகிழித் தாளில் சுற்றி, அதை ஒரு துண்டில் சுற்றி, குழந்தையைக் கொண்டுவருவதுபோல மார்போடு அணைத்துக் கொண்டுவந்தார். உள்ளே பதினான்கு பட்டயங்கள்.

"சனிக்கிழமை விழா. பிரேம் போட்டே கையில குடுக்கணும்னு எங்க தலைவர் சொல்லிட்டார். முடியுமா?"

"மழையாச்சே மேடம். முதல்ல பேப்பரைக் காய வைக்கணும்." சட்டக்காரர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். "பல்பு எரியவிட்டு, அதுக்குக் கொஞ்சம் தள்ளி, ரெண்டு அட்டைக்கு நடுவுல வச்சு மேல பாரம் ஏத்தணும். அப்பத்தான் நெளிவு போகும்."

"போன வருஷம் வேற கடையில குடுத்தோம். அவர் பசையைத் தடவி அட்டையில ஒட்டிட்டார். ஒரு பொண்ணுக்கு வேலை கிடைச்சு ஒரிஜினலைக் கேட்டாங்க. பிரிச்சு எடுக்கப் போனா முத்திரையோட கிழிஞ்சு வருது. அழுதுகிட்டே வந்து நின்னா."

இப்படி ஒரு பேச்சுக்காகத்தான் சட்டக்காரர் பிறந்ததே. ஸ்டூலை இழுத்துப் போட்டார். "பட்டயத்தை ஒட்டவே கூடாது மேடம். மேல் ஓரத்துல மட்டும் ரெண்டு மெல்லிசான காகிதப் பட்டை. அதையும் மாவுப் பசையில போடணும், தண்ணி தொட்டா விட்டுப் போயிடும். பேப்பர் சட்டை மாதிரி தொங்கணும், தோல் மாதிரி ஒட்டிக்கக் கூடாது. அப்புறம் கண்ணாடி பேப்பரைத் தொடக் கூடாது. சுத்தி ஒரு அட்டைக் கரை வெட்டி வச்சா நடுவுல காத்துக்கு இடம் இருக்கும். இல்லேன்னா எழுத்து கண்ணாடியில ஒட்டிக்கும், நாளைக்கு எடுத்தா பேர் கண்ணாடியில இருக்கும், பட்டம் பேப்பர்ல இருக்கும்."

நிர்வாகி அம்மாள் சிரித்தார். ஒவ்வொரு பட்டயமாக எடுத்து மேசையில் பரப்பினார். கடைசியாக ஒன்றைத் தனியே எடுத்து, கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

"இது இந்த வருஷம் முதலா வந்த மாணவி. வயசு என்ன தெரியுமா? நாப்பதைத் தாண்டிட்டாங்க. லாண்டரியில ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறவங்க. காலையில துவைச்சுட்டு மத்தியானம் கிளாஸுக்கு வருவாங்க. விரல் எல்லாம் ஊறி வெளுத்துப்போய் இருக்கும். அந்த விரலை வச்சு நரம்பு பிடிச்சாங்கன்னா தப்பவே தப்பாது."

"லாண்டரியா? எங்க வீட்டம்மாவும் லாண்டரிதான்" என்றார் சட்டக்காரர், பேச்சுவாக்கில்.

"பாவம், அவங்களுக்குப் புருஷன் இல்ல. போய்ச் சேர்ந்துட்டார். ஆனா என்ன மனுஷன் தெரியுமா? சாகப் போற நேரத்துல, 'நான் இருந்தவரைக்கும் உன்னைப் படிக்க வைக்க முடியலை, இனிமேலாவது படி'ன்னு சொல்லிட்டுப் போனாராம். எல்லாப் பொண்ணுக்கும் அப்படி ஒரு ஆள் கிடைச்சிட்டா..." கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டயத்தை மேசையில் வைத்தார். "இதை மட்டும் நல்லாப் பண்ணுங்க."

நல்ல மனுஷன்தான் என்று சட்டக்காரரும் நினைத்துக்கொண்டார். குனிந்து பார்த்தார்.

பட்டயத்தின் மூலையில் ஒரு புகைப்படம், அதன்மேல் பாதி ஏறி நின்ற முத்திரை. வெள்ளைக் கோட்டுப் போட்டு, முடியை இழுத்துக் கட்டி, நேராகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண். இடப் புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு சின்னத் தழும்பு. சமையலறை அலமாரிக் கதவு கழன்று விழுந்ததில் வந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று அந்தக் கதவைச் சரிசெய்யாமல் விட்டவர் அவர்தான். படத்துக்குக் கீழே அவளுடைய பெயர். பெயருக்குப் பின்னால் அவருடைய பெயர்.

"என்ன, பேரு தப்பா அச்சாகியிருக்கா?" என்றார் நிர்வாகி அம்மாள்.

"இல்லைங்க."

"சனிக்கிழமை நீங்களே கொண்டுவந்துடுங்க. மேடையில வரிசைப்படி எடுத்துக் குடுக்க ஒரு ஆள் வேணும். போன வருஷம் மாணவங்க எடுத்துக் குடுத்து ரெண்டு கண்ணாடி உடைஞ்சது."

"சரிங்க" என்றார். தன் வாய் அதைச் சொன்னது அவருக்கே பிறகுதான் தெரிந்தது. நிர்வாகி அம்மாள் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

சாவிக்காரர் அரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். ஆள் போனதும் கச்சேரி தொடங்க வேண்டுமே. ஒன்றும் வரவில்லை. திரும்பிப் பார்த்தார். சட்டக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைமேல் மல்லாத்தி வைத்திருந்தார், கழுவின கை இன்னும் காயாததுபோல.

"என்ன அண்ணே, உடம்பு சரியில்லையா?"

"சாவி, நான் செத்துப்போயிட்டேன்."

"எப்போ?" என்றார் சாவிக்காரர், ஏதோ புதுக் கதை என்று.

"தெரியலை. ரெண்டு வருஷப் படிப்பு, ரெண்டு வருஷம் இருக்கும்போல."

சாவிக்காரர் எழுந்து வந்து பட்டயத்தைப் பார்த்தார். அவருக்குப் படிக்க வராது, ஆனால் படம் தெரிந்தது. பார்த்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒரு அட்டையை எடுத்து அதன்மேல் மூடினார். பிறகு தன் மேசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று முழுக்க அவர் அராவவில்லை.

சட்டக்காரர் பல்பை எரியவிட்டுப் பட்டயங்களை அட்டைகளுக்கு நடுவில் அடுக்கிப் பாரம் ஏற்றினார். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. மனம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. லாண்டரியில் மத்தியானமும் மடிப்பு வேலை கொடுத்துவிட்டார்கள் என்று அவள் சொன்னது. வீடு திரும்ப இருட்டிவிடும் என்றது. சரி என்றதற்கு மேல் அவர் ஒரு கேள்வி கேட்காதது. எங்கேயோ ஒருத்தனோடு அவள் பழகுகிறாள் என்று யாராவது வந்து சொல்லியிருந்தால்கூட இப்படி ஆடிப்போயிருக்க மாட்டார். கோபப்படுவதற்கு ஒரு ஆள் இருந்திருப்பான். இங்கே இருந்த ஆள் அவரேதான், அதுவும் அவரைவிட நல்லவன்.

வீடு மாடியில் இரண்டு அறை. மழைக்கு உள்ளேயே கொடி கட்டித் துணி தொங்கியது. துணிக்கடையில் பில் போடுகிற மகள் வந்து சோறு வடித்திருந்தாள். மனைவி நனைந்த செருப்பை வாசலில் கவிழ்த்துவிட்டு வந்து, தலையைத் துவட்டி, அவித்த முட்டைகளைத் தோலுரிக்கத் தொடங்கினாள். எல்லா நாளையும்போல ஒரு நாள். சட்டக்காரர் சுவரோரம் உட்கார்ந்து அவள் விரல்களைப் பார்த்தார். ஊறி வெளுத்திருந்தன. இத்தனை வருஷமாக அவை அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

"இன்னைக்கு ஒரு பயிற்சிப் பள்ளியிலேருந்து சர்டிபிகேட் வந்துச்சு" என்றார்.

"எந்தப் பள்ளி?" அவள் திரும்பவில்லை.

"ரத்தம் பாக்கச் சொல்லித் தர்ற பள்ளி. பாலத்துக்கு அந்தப் பக்கம்."

முட்டை ஓடு நொறுங்குகிற சத்தம் நின்றது. மகள் கையிலிருந்த தட்டைத் தரையில் வைத்தாள், சத்தம் வராமல்.

"உங்ககிட்டயா குடுத்தாங்க?" என்றாள் மனைவி. "போன வருஷம் வேற கடையிலதானே குடுத்தாங்க."

"அவன் பசை போட்டு ஒட்டிட்டானாம்."

இதைத்தான் பேச வேண்டும் என்பதுபோல இருந்தது. பிறகு அவள் அடுப்பை அணைத்தாள். அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நான் எப்போ செத்தேன்?" என்றார்.

"சேர்ற அன்னைக்கு."

"என்ன வியாதி?"

"அதெல்லாம் யாரும் கேக்கலை."

"அப்பா, அம்மா வேணும்னு பண்ணலை" என்றாள் மகள்.

"உனக்கும் தெரியுமா?"

மகள் தலையைக் குனிந்தாள். "பாடத்துல நான்தான் அம்மாவைக் கேள்வி கேப்பேன். நீங்க குளிக்கப் போற நேரத்துல."

குளிக்கிற நேரம் எவ்வளவு இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அவ்வளவு கொஞ்ச நேரத்தில் ஒரு படிப்பு அவர் முதுகுக்குப் பின்னால் இந்த அறையிலேயே நடந்திருக்கிறது. சோப்புப் போட்டுக்கொண்டே பாட்டுப் பாடுவது அவர் வழக்கம்.

"சொல்றேன், கேளுங்க" என்றாள் மனைவி. "ஆபீஸ்ல ஒரு அம்மா கேட்டாங்க, வீட்டுக்காரர் கையெழுத்து வேணும், வந்திருக்காரான்னு. 'அவர் இல்லைங்க'ன்னேன். கூட வரலைன்னுதான் சொன்னேன். அவங்க பேனாவைக் கீழ வச்சுட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. பக்கத்துல இருந்தவர் எந்திரிச்சு நாற்காலி போட்டார். இன்னொருத்தர் தண்ணி கொண்டுவந்தார். எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்லைங்க. உக்காந்து தண்ணியைக் குடிச்சேன். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது, அவர் கடையில உக்காந்து மரம் அறுத்துக்கிட்டு இருக்கார்னு?"

"மறுநாள் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். ஆனா அன்னைக்கே கையெழுத்து வேணாம்னுட்டாங்க. உங்ககிட்டக் கேக்க வேண்டியதே இல்லைன்னு ஆயிடுச்சு. அது எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

"கேட்டிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

"சொல்லியிருக்க மாட்டீங்க" என்றாள். "சிரிச்சிருப்பீங்க."

கொடியில் தொங்கிய துணியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அவர் பேச வாயெடுத்தார்.

"அந்தப் பல் இல்லாத பெரியவர் கதையை எத்தனை தடவை சொன்னீங்க இங்க உக்காந்து?" என்றாள். குரல் உயரவில்லை. "மொத தடவை சொன்ன அன்னைக்கு நான் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்துச்சு."

"நீயும்தானே சிரிச்ச."

"சிரிச்சேன். சிரிக்காம இருந்தா ஏன்னு கேப்பீங்களே. அப்புறம் என்ன சொன்னார்னு கேட்டேனே, அது நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். அந்த மாதிரி கேட்டா ஒரு மனுஷன் என்ன பதில் சொல்வார்னு."

சட்டக்காரருக்கு அந்தப் பெரியவர் ஒன்றுமே சொல்லவில்லை என்பதும், சொல்லும்படி தான் ஒன்றுமே கேட்கவில்லை என்பதும் நினைவுக்கு வந்தன. அதை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது.

"அதென்ன, சாகும்போது படின்னு நான் சொன்னதா?"

அவள் முதன்முறையாகக் கண்ணைத் தாழ்த்தினாள். "அந்த மேடம் ஒரு நாள் கேட்டாங்க, இந்த வயசுல எப்படிம்மா இந்த ஆசை வந்துச்சுன்னு. நிஜத்தைச் சொன்னா, ரத்தக்கறையைத் துவைச்சுத் துவைச்சு, அந்த ரத்தத்துக்குள்ள என்னதான் இருக்குன்னு ஒரு நாளாவது பாக்கணும்னு ஆசை வந்துச்சு, அவ்வளவுதான். அதைச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் படிக்கச் சொன்னார்னு சொல்லிட்டேன்."

"நான் சொல்லலையே."

"சொல்லியிருந்தா எப்படி இருந்திருக்கும்னு நினைச்சேன். அப்படியே வாயில வந்துடுச்சு."

மூவரும் சாப்பிட்டார்கள். எழுந்து கை கழுவும்போது அவள் சொன்னாள்: "சனிக்கிழமை நீங்க வர வேணாம். சாவிக்காரர்கிட்டக் குடுத்து அனுப்புங்க. இன்னொண்ணு. என்னோடதை மட்டும் தனியா ஒண்ணும் பண்ணாதீங்க. நல்லாவும் பண்ண வேணாம், கெடுக்கவும் வேணாம். பதினாலுல ஒண்ணா இருக்கட்டும்."

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் சட்டக்காரர் வேலையில் கிடந்தார். மரச்சட்டங்களின் மூலைகளை உப்புத்தாளால் தேய்த்தார். அட்டையில் சாய்வாகக் கத்தி வைத்துக் கரை வெட்டினார். கண்ணாடியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, விளக்குக்கு நேரே பிடித்து நூல் துகள் இருக்கிறதா என்று பார்த்தார். மாவுப் பசை காய்ச்சி, மெல்லிய காகிதப் பட்டைகளில் ஒவ்வொரு பட்டயமாகத் தொங்கவிட்டார். பின்பக்கம் அட்டை வைத்துச் சிற்றாணி அடித்து, தூசியும் பூச்சியும் போகாதபடி சுற்றிலும் பழுப்புக் காகிதம் ஒட்டினார். அவளுடையது வரிசையில் எப்போது வந்ததோ அப்போது எடுத்தார். அட்டையை மூடுவதற்கு முன்னால் மட்டும் கை நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். முத்திரை மை கலைந்துவிடும், மழைமேல் பழியைப் போட்டுவிடலாம். அப்படி ஒரு நினைப்பு தனக்கு வந்ததே என்று அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர்க் குவளையை எடுத்து வாசலுக்கு வெளியே கொட்டிவிட்டு வந்தார்.

"நீங்க போகாதீங்க அண்ணே" என்றார் சாவிக்காரர். "நான் குடுத்துட்டு வர்றேன். நீங்க போனா ஏதாவது பேசிடுவீங்க."

"பேச மாட்டேன்."

"நீங்களா?"

"செத்தவன் பேசுவானா?" என்றார் சட்டக்காரர். சாவிக்காரர் சிரிக்கவில்லை.

ஏன் போனார் என்று பின்னாளில் அவரால் சொல்ல முடியவில்லை. அந்த நல்லவனைப் பற்றி எல்லோர் முன்னாலும் என்ன சொல்வார்கள் என்று கேட்கிற ஆசையாகக்கூட இருந்திருக்கலாம்.

விழாக் கூடத்தில் நெகிழி நாற்காலிகள். மைக்கு அவ்வப்போது கீச்சென்று கத்தியது. சட்டக்காரர் மேடையின் ஓரத்தில், பதினான்கு சட்டங்களையும் வரிசைப்படி சாய்த்து வைத்து, பக்கத்தில் நின்றார். மாணவர்கள் முன்வரிசையில் வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள், நடுவில் அவள். அவரைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு நொடி செத்துப் பிழைத்தது. பின்வரிசையில் இருந்த மகள் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

கொடுப்பதற்கு ஒரு வயதான டாக்டர் வந்திருந்தார். காது கொஞ்சம் மந்தம். முதல் சட்டம் முதல் மாணவிக்கு. நிர்வாகி அம்மாள் மைக்கைப் பிடித்தார்.

"கணவரை இழந்த ஒரு பெண். அந்த உத்தமர் கடைசி மூச்சில் சொன்ன ஒரே வார்த்தைக்காக, துணி துவைத்த கையோடு இந்தப் பள்ளிக்கு வந்தவர்..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கைக்குட்டையை எடுத்தார். கூடம் முழுக்கக் கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பெண் அழுதாள். சட்டக்காரர் சட்டத்தை எடுத்து டாக்டரிடம் நீட்டினார். தன் சாவுக்கு எழுந்த கைதட்டலை உயிரோடு நின்று கேட்டவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை.

அவள் மேடையேறினாள். அவரிடமிருந்து கை எட்டும் தூரத்தில் நின்று டாக்டரிடம் பட்டயத்தை வாங்கினாள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"நன்றி சொல்லிட்டு இறங்கிடலாம்னுதான் வந்தேன்" என்றாள். மைக்குக்கு மிக அருகில் நின்றதால் மூச்சும் கேட்டது. "மேடம் மன்னிக்கணும். எங்க வீட்டுக்காரர் சாகலை. சேர வந்த அன்னைக்கு 'அவர் இல்லைங்க'ன்னு சொன்னேன். கூட வரலைன்னு சொன்னதை வேற மாதிரி எடுத்துக்கிட்டாங்க. நான் திருத்தலை. தெரிஞ்சேதான் திருத்தலை. அவர் உயிரோட இருக்கார். என்னைப் படின்னு அவர் சொல்லவும் இல்லை. நான் படிச்சது அவருக்குத் தெரியவே தெரியாது. இந்த வாரம்தான் தெரியும். இந்தச் சட்டமெல்லாம் போட்டது அவர்தான். இதோ நிக்கிறார்."

தலைகள் திரும்பின. நிர்வாகி அம்மாளின் கைக்குட்டை கண்ணருகிலேயே நின்றுவிட்டது. சட்டக்காரர் அடுத்த சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உயிரோடு இருப்பதாக அறிவிக்கப்படுவது நல்ல சங்கதிதானே என்று நினைத்துப் பார்த்தார். ஆனால் கூடத்துக்கு நடுவே சட்டையைக் கழற்றி நிற்கவைத்த மாதிரி இருந்தது. வாழ்நாள் முழுக்கப் பேசிய வாய். அதிலிருந்து "ஆமாங்க" என்று ஒரு சொல்தான் வந்தது. அதுவும் மைக்கில் கேட்கவில்லை.

"என்ன சொல்றாங்க?" என்றார் டாக்டர் உரக்க.

"புருஷன் உயிரோட இருக்காராம் டாக்டர்" என்று யாரோ அவர் காதருகே கத்தினார்கள்.

"ரொம்ப நல்லது" என்றார் டாக்டர். "அடுத்த பேரைப் படிங்க."

எங்கோ பின்னால் ஒரு சிரிப்புக் கிளம்பியது. அது பரவுவதற்குள் அடுத்த பெயரைப் படித்துவிட்டார்கள். சட்டக்காரர் மிச்சம் இருந்த பதின்மூன்றையும் ஒன்றும் நழுவாமல் எடுத்துக் கொடுத்தார்.

விழா முடிந்ததும் நிர்வாகி அம்மாள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். நாற்காலி போடவில்லை.

"உங்களைப் பத்தி நான் எத்தனை பேர்கிட்டச் சொல்லியிருப்பேன் தெரியுமா? வீட்டுல சொன்னேன். எங்க அக்காகிட்ட ஃபோன்ல சொன்னேன். எங்க வீட்டுக்காரரைத் திட்டும்போதெல்லாம் உங்க வீட்டுக்காரரைச் சொல்லித்தான் திட்டுவேன். இவரா அது?" என்று சட்டக்காரரைப் பார்த்தார். கடையில் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பேசின ஆள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"தப்புதாங்க மேடம்" என்றாள் அவள்.

"பட்டயத்துல கை வைக்க மாட்டேன். அது நீங்க படிச்சு வாங்கினது. பதிவைத் திருத்திடுறேன். ஆனா நம்ம பள்ளி ஆய்வுக்கூடத்துல உங்களுக்குன்னு வச்சிருந்த வேலை இடத்தைத் தர முடியாது. தினமும் உங்க மூஞ்சியைப் பாத்தா எனக்கு ஆறாது."

அவள் தலையாட்டினாள். அந்த இடத்தைப் பற்றி அவள் மகளிடம் எவ்வளவு பேசியிருந்தாள் என்பது சட்டக்காரருக்குப் பிறகுதான் தெரிந்தது.

மழை விட்டிருந்தது. மகள் பேருந்து பிடித்து முன்னால் போய்விட்டாள். இருவரும் பாலத்தின்மேல் நடந்தார்கள். சட்டத்தை அவளே துண்டில் சுற்றிச் சுமந்துகொண்டு வந்தாள். கொடு என்று அவர் கேட்கவில்லை.

"நன்றி சொல்லிட்டு இறங்கியிருக்கலாமே" என்றார். "நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். பேசாமத்தான் நின்னேன்."

"அதான்" என்றாள். "நீங்க பேசாம நின்னதைப் பாத்ததும் எனக்குப் பயமாயிடுச்சு. நிஜமாவே செத்தவர் மாதிரி இருந்தீங்க."

கொஞ்ச தூரம் போனதும் அவளே மறுபடி சொன்னாள்: "அங்க எல்லாரும் உங்களைப் பத்தி நல்லபடியாத்தான் பேசுவாங்க. நான் ஒண்ணு சொல்ல, அவங்க ஒண்ணு சேக்க, நாளாக ஆக நீங்க ரொம்ப நல்லவரா ஆயிட்டீங்க. சில நாள் வீட்டுக்கு வந்து உங்களைப் பாத்தா ஏமாத்தமா இருக்கும்."

சொல்ல ஒன்றும் இல்லாமல் அவர் ஒரு பாலத்தைக் கடந்தது அதுதான் முதல் முறை.

மழைக்காலம் முடிவதற்குள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. உரிமையாளர் அவள் வயதையோ வீட்டையோ கேட்கவில்லை. தன் கையை நீட்டி, நரம்பு எடு பார்ப்போம் என்றாராம். பட்டயத்தை வரவேற்பறைச் சுவரில் மாட்ட வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். சட்டக்காரர் சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு போனார். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தொட்டுப் பார்த்து, வெயில் விழும் என்று ஒதுக்கினார். குழாய் போகிற சுவர் ஈரம். கதவுக்குப் பக்கத்துச் சுவர்தான் சரியாக இருந்தது. சட்டத்தின் பின்னால் கீழ் மூலைகளில் சின்னத் தக்கை வில்லைகள் ஒட்டி, சுவருக்கும் அதற்கும் நடுவே காற்றுப் போக இடம்விட்டு மாட்டினார். நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வந்ததுதான் வந்தீங்க, உள்ள வாங்க. உங்களுக்கு அடிக்கடி தாகம் எடுக்குது. ரத்தம் பாத்துடலாம்."

அவருக்கு ஊசி என்றால் ஆகாது. அதைச் சொல்ல இடம் கொடுக்காமல் அவள் நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தார். கையுறை போட்டாள். மேல்கையில் ரப்பர் பட்டையை இறுக்கினாள். விரலால் தட்டித் தடவி ஒரு இடத்தில் நின்றாள். தையல் எந்திரத்துக்கு நூல் கோக்கும்போதும் மகளுக்குப் பேன் பார்க்கும்போதும் அவள் முகம் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கப் பார்த்தார். இல்லை, இப்படி இருந்ததில்லை. இந்த முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

"அந்தப் பக்கம் பாருங்க" என்றாள்.

அவர் திரும்பவில்லை. கண்ணாடிக் குழாயில் கருஞ்சிவப்பாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பஞ்சை வைத்து, கையை மடக்கச் சொல்லி, குழாயில் அவர் பெயரை எழுதி ஒட்டினாள்.

"வெளிய உக்காருங்க. நேரமாகும்."

வெளியே பெஞ்சில் நாலைந்து பேர் இருந்தார்கள். மடக்கிய கையோடு ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த பெண் அவர் கையையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"உள்ள இருக்கிற அம்மா எப்படிங்க? வலிக்குமா?" என்றாள்.

சட்டக்காரர் பஞ்சைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தார். அங்கே ஒரு புள்ளிகூட இல்லை.

"தெரியவே இல்லைங்க" என்றார்.